வெள்ளிக்கிழமை மதியம் வராதவன்

புவனகிரி
8-1-1964

பினாங்கிலிருக்கும் மகன் நூருல் அமீனுக்கு, உன் சாச்சா சேக் பரீது ஸலாம் சொல்லி எழுதுவது. அல்லாஹ் கிருபையில் இங்கே எல்லாரும் நடமாட்டமாக இருக்கிறோம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடி இருப்பாய் என்று நம்புகிறேன். உன் உம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை. நோன்புக்கு இன்னும் ஒரு வாரந்தான், ஆனால் வீட்டில் அந்தக் களையே இல்லை. காரணம் உன் தம்பி யூசுப். அவனை எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சைக்கு அனுப்ப மாட்டார்களாம். மார்க்கு குறைந்தல்ல, வருகை குறைந்து.

புயல் மழையில் சிதம்பரம் பஸ் நின்றுபோய் அவன் பள்ளிக்கூடம் போகாத நாட்கள் உண்டு, ஒத்துக்கொள்கிறேன். அதோடு இருபத்திரண்டு வெள்ளிக்கிழமை மதியம் அவன் வரவே இல்லை என்று ரிஜிஸ்டர் சொல்கிறது. ஜும்மா தொழுகை முடிந்து நம் பிள்ளைகள் ஓட்டமாக ஓடினாலும் மணி அடித்துப் பத்து நிமிஷம் ஆகிவிடும். பழைய வாத்தியார் காத்திருந்து பேர் கூப்பிடுவார். புதிதாக வந்த மணவாளன் சார் மணியோடு கூப்பிட்டு, மூடி வைத்துவிடுகிறார். பிள்ளை பெஞ்சில் உட்கார்ந்து பாடம் கேட்கிறான், காகிதத்தில் அவன் இல்லை. இது என்ன நியாயம் சொல்லு.

நான் சும்மா இருப்பேனா? எட்டாவதோடு நின்றவன் என்றாலும் மனு எழுத என்னை விட்டால் இந்த ஊரில் யார்? பையனுக்கு டைபாய்டு, ரத்தம் ரத்தமாக வாந்தி, கடலூர் பெரிய டாக்டரே கையை விரித்துவிட்டார் என்று இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன். குமாஸ்தா படித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதே நாள் இந்தப் பயல் கட்டுரை நோட்டைத் தூக்கிக்கொண்டு ஹெட்மாஸ்டர் வைத்திலிங்கம் ஐயாவிடம் போயிருக்கிறான். கட்டுரை வகுப்பு வெள்ளிக்கிழமை மதியந்தான். அதில் அந்தந்தத் தேதி போட்டு, சிவப்பு மையில் மணவாளன் சாரே திருத்திக் கையெழுத்துப் போட்டிருக்கிறார், பதினெட்டு இடத்தில்!

ஐயா என்னைக் கூப்பிட்டு இரண்டையும் மேசையில் வைத்தார். "ரத்த வாந்தி எடுத்தவன் கட்டுரை எழுதினானா பாய், எதை நான் கடலூர் கல்வி ஆபீசுக்கு அனுப்பறது?" என்றார். வெளியே வந்து யூசுப்பைத் திட்டினேன். "நான் வந்தன்ல சாச்சா, வந்தன்னுதான எழுதணும், சீக்குன்னு ஏன் எழுதுறீங்கோ?" என்று அழுதான்.

திரும்பப் போய், முன்பு கொடுத்தது பொய் என்று நானே எழுதி, என் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அமீன், என் ஆயுசில் இப்படி எழுதியதில்லை, பேனா ஓடவே இல்லை. ரிஜிஸ்டரைத் திருத்த முடியாது, சிபாரிசுதான் செய்யலாம் என்று ஐயா அதை எழுதி, நோட்டையும் சேர்த்துக் கட்டிக் கொடுத்தார். நாளைக்கு முதல் பஸ்ஸில் நானே கடலூர் கொண்டு போகிறேன். இருபதாம் தேதிக்குள் பரீட்சைப் பட்டியலில் பேர் ஏறாவிட்டால் ஒரு வருஷம் போச்சு. பிள்ளை உட்கார்ந்ததை உட்கார்ந்தான் என்று சொல்ல இத்தனை அலைச்சல்!

உனக்கு நீண்ட ஆயுளும் பரக்கத்தும் கிடைக்க துஆ செய்கிறேன். வெயிலில் வெறுந்தலையோடு திரியாதே. தம்பிக்கு எழுதும்போது எத்தனை நாள், எத்தனை மார்க்கு என்று நீயும் கேட்காதே. வெள்ளிக்கிழமை மதியம் என்ன பாடம் நடந்தது என்று கேள். ஒன்று விடாமல் சொல்வான்.

இப்படிக்கு,
உன் சாச்சா
சேக் பரீது