ஆட்டுக்கொட்டில் மூடப்பட்ட காரணமும் கடற்படைத் தலைவர் மீதான வழக்கு முடிந்த வகையும்

வேங்கைமலை நாட்டின் குன்றுகளையும் இரு ஆறுகளையும், அவற்றின் கரைகளில் உழுவாரையும் நெய்வாரையும் ஒருங்கே காத்தருளும் வேந்தர் பெருவிறல் நெடுங்கோ அவர்களின் திருவுளப்படி, பொழிலூர் அரண்மனையிலிருந்து பேரமைச்சன் இளம்பூதன் எழுதும் ஓலை. நறுந்துறையில் அமர்ந்து நம் கடலெல்லையைக் காத்துவரும் கடற்படைத் தலைவர் ஆழித்திரையனார் கையில் இது சென்று சேர்க. தங்கள் கலங்களுக்குக் காற்று இணங்கி வீசுக. தங்கள் துறையில் மீனும் உப்பும் குறைவின்றிப் பெருகுக. தங்கள் மனையில் உள்ளார் அனைவரும் நலம் பெறுக.

முகமன் இன்னும் சில வரிகள் நீண்டிருக்க வேண்டும். ஆயினும் அரச முத்திரையைக் கண்டதும் தங்கள் மனையார் எவ்வாறு கலங்குவார்கள் என்பதை அறிவேன் ஆதலால், முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படைத்தலைமை தங்களிடமே நிலைத்தது. தங்கள் மீது புகையிலை வணிகர் குழாம் தொடுத்த வழக்கு நேற்று அரசவையில் தள்ளுபடியாயிற்று. நெஞ்சை ஆற்றிக்கொண்டு எஞ்சியதைப் படியுங்கள்.

வழக்கின் தொடக்கம் தாங்கள் அறிந்ததே. எனினும் அரச ஓலையைப் பின்னாளில் பிறரும் படிக்க நேரும் ஆகையால், முறைப்படி எழுதுகிறேன். சென்ற மழைக்காலத்தில் எதிர்க்காற்றில் கலம் செலுத்திய வேளையில், துடுப்பு வலிப்போர் பலர் மூச்சு முட்டிச் சாய்ந்தனர். இருவர் மீளவில்லை. சாய்ந்தவர்களில் பெரும்பாலோர் ஓயாமல் சுருட்டுப் புகைப்பவர்கள் என்று கண்ட தாங்கள், அன்றே கலங்களில் புகையிலையை விலக்கினீர்கள். படைக்கு இலை வழங்கிவந்த வணிகர் குழாம் வேந்தரிடம் முறையிட்டது. மருத்துவப் பேரவை தீங்கென்று சொல்லாத ஒரு பொருளைத் தீங்கென்று கூறித் தம் வணிகத்தின் பெயரைக் கெடுத்தவர் படைத்தலைமைக்குத் தகுதியற்றவர் என்பது அவர்கள் வாதம்.

வேந்தர் இரு தரப்பையும் கேட்டு, தாம் மருத்துவம் பயிலாதவர் என்றும், பேரவை தீங்குண்டு என்றால் திரையன் செய்தது காவல், இல்லை என்றால் அது செருக்கு என்றும், உண்மையை அமைச்சர் நேரில் சென்று அறிந்து வருக என்றும் பணித்தார். வேந்தர் உணவுக்குப் பின் சுருட்டுப் புகைப்பவர் என்பது நாடறிந்தது. தங்களைப் பணி நீக்கும் ஓலையை என் கையாலேயே எழுத நேருமோ என்ற அச்சத்தோடுதான் நான் பேரவைக்குப் புறப்பட்டேன்.

பேரவையைத் தாங்கள் பார்த்ததில்லை. ஆற்றின் மேல்கரையில், மாளிகை போன்ற கட்டடம். அதை எழுப்பியது வணிகர் குழாம். மருத்துவர்களுக்கு ஊதியம் கொடுப்பதும் அவர்களே. சுருட்டினால் நெஞ்சு நோய் வருகிறது என்று மக்கள் பேசத் தொடங்கிய காலத்தில், உண்மையை அறிய எங்களுக்கும் ஆவலே, செலவை நாங்கள் ஏற்கிறோம் என்று குழாம் முன்வந்தது. நம் மூத்த வேந்தர் அதைப் பெருந்தன்மை என்று பாராட்டினார். அன்று நானும் அதைப் பெருந்தன்மை என்றே எண்ணினேன்.

அவைத்தலைவர் ஐயூரனார் என்னை அன்போடு வரவேற்று ஒவ்வொருவரிடமும் அழைத்துச் சென்றார். ஒருவர் ஆற்றுப்பனியால் நெஞ்சு நோய் வருமா என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். ஒருவர் அடுப்புப் புகையை ஆராய்ந்தார். தந்தைக்கு இருமல் இருந்தால் மகனுக்கும் வருமா என்பது ஒருவர் ஆராய்ச்சி. இன்னொருவர், எளிதில் சினம் கொள்வோருக்கு மூச்சுக்கோளாறு மிகுதியா என்று ஊர் ஊராகச் சென்று கேட்டு வந்திருந்தார். அனைவரும் கற்றவர்கள், கண்டதை மறைக்காதவர்கள் என்றே தோன்றியது. அவர்களோடு பேசப்பேச என் மதிப்பு உயர்ந்தது. உயர்ந்துகொண்டே இருந்தபோதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. இங்கே புகையிலையை ஆராய்பவர் யார் என்று கேட்டேன்.

ஐயூரனார், அந்தக் கேள்வி இன்னும் பக்குவப்படவில்லை என்றார். யார் சொன்னது என்றேன். அவர் கூடத்தின் கோடியில் அமர்ந்திருந்த ஒருவரைப் பார்த்தார். அவர் மருத்துவர் அல்லர்; குழாத்தின் வழக்குரைஞர் இயக்கன். பேரவையில் எந்தக் கேள்வி ஆராயப்பட வேண்டும் என்று முடிவு செய்பவர் அவர். எந்த மருத்துவர் எதைக் கண்டறிந்தாலும் வெளியே செல்வதற்கு முன் அதைப் படிப்பவரும் அவரே. குழாத்துக்கு உதவுவதை முரசறைந்து ஊருக்குச் சொல்வார். உதவாததற்கு மேலும் ஆராய்ச்சி தேவை என்று சொல்லித் திருப்பிவிடுவார். எங்களை எவரும் ஒருநாளும் பொய் சொல்லச் சொன்னதில்லை அமைச்சரே என்று ஐயூரனார் மனம் நொந்து சொன்னார். அது உண்மை என்றே நம்புகிறேன். குழாத்துக்குப் பொய் தேவைப்படவில்லை.

வெளியே வரும்போது பின்புறத்தில் ஒரு நீண்ட கொட்டிலைக் கண்டேன். உத்திரங்களில் கரி படிந்திருந்தது. மூலிகை உலர்த்தும் இடம் என்றார் இயக்கன். அங்கிருந்து வீசிய நெடி மூலிகையின் நெடி அன்று. என்னுடன் நடந்துவந்த, பனியை ஆராயும் மருத்துவர், இயக்கன் சற்றுப் பின்தங்கிய நேரத்தில், முன்பு இங்கே மருத்துவராக இருந்த எயினியைக் கேளுங்கள், அவள் பிறந்த ஊர் குன்றத்தூர்ச் சரிவில் இருக்கிறது என்று மெல்லச் சொல்லிவிட்டு விலகிப்போனார்.

அவ்வூருக்குச் சென்றேன். மருத்துவர் எயினியார் அங்கே பாம்புக்கடிக்கும் பேறுகாலத்துக்கும் மருந்து தந்துகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து வணங்கினார். பேரவை என்ற சொல்லைக் கேட்டதும் முகம் இறுகிவிட்டது. உண்ணச் சோறு தருகிறேன், அதைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள் என்றார். அந்தக் கொட்டில் என்ன ஆயிற்று என்று மட்டும் கேட்டேன். தாம் வாய் திறப்பதில்லை என்று குழாத்துக்குச் சத்தியம் செய்து கொடுத்திருப்பதாகவும், மீறினால் நாட்டுச் சட்டப்படி மருத்துவம் செய்யும் உரிமையே பறிபோகும் என்றும், அந்த மலைச்சரிவில் வேறு மருத்துவர் இல்லை என்றும் சொன்னார். கூடத்தில் அப்போது நிறைமாதப் பெண்கள் காத்திருந்தார்கள். அதற்கு மேல் அவரை வற்புறுத்த என் நா எழவில்லை.

தங்கள் நிலையை மட்டும் எடுத்துச் சொன்னேன். படைத்தலைவர் மீதான இரக்கத்தால் அவர் பேசுவார் என்று எண்ணினேன். அவரோ உடனே, உங்கள் படைத்தலைவர் சொல்வது தவறாகவும் இருக்கலாமே, கலத்தின் அடித்தட்டில் தேங்கிய நீரின் நாற்றத்தாலும் மூச்சு முட்டும், அதைப் பார்த்தாரா என்று கேட்டார். எவர் பக்கமும் சாயாத ஒரு மருத்துவரை அந்தப் பயணத்தில் முதன்முதலாகக் கண்டேன் என்று அப்போது தோன்றியது. திரையனாரே, இதைப் படித்துத் தாங்கள் வருந்த வேண்டாம். அவர் சார்பற்றவர் என்பதை எனக்குக் காட்டி, தங்களைக் காத்தது அந்தக் கேள்விதான்.

சத்தியத்திலிருந்து விடுவிக்க இந்நாட்டில் எவராலும் இயலாதா என்று கேட்டேன். வேந்தரால் இயலும், ஆனால் வேந்தரே சுருட்டுப் புகைப்பவராயிற்றே என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் திரும்பும் வழியெல்லாம் அந்தச் சொல் என்னை விடவில்லை.

வேந்தரிடம் நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன், அந்தச் சிரிப்பு உட்பட. அவர், தாம் புகைப்பவர் என்பதாலேயே தமக்கு உண்மை கூடுதலாகத் தேவை என்று கூறி, எயினியாரைச் சத்தியத்திலிருந்து விடுவித்து ஆணையிட்டார். என்ன சொன்னாலும் அவருடைய மருத்துவ உரிமைக்கு ஊறில்லை என்றும் உறுதி தந்தார்.

நேற்று அவை கூடியது. வணிகர் தலைவர் பண்டனாரும் வழக்குரைஞர் இயக்கனும் ஒருபுறம், பேரவை மருத்துவர்கள் மறுபுறம். எயினியார் தனியே நின்று பேசினார். அந்தக் கொட்டிலைக் கட்டிக் கொடுத்தது குழாமே என்றார். ஆடுகளைப் புகையிலைப் புகையில் வளர்த்துப் பாருங்கள், ஒன்றும் ஆகாது, அதை ஊருக்குச் சொல்லலாம் என்றார்களாம். புகையில் வளர்த்த ஆடுகளையும், பக்கத்துக் கொட்டிலில் நல்ல காற்றில் வளர்த்த ஆடுகளையும் ஒரே தீனி தந்து பார்த்துவந்திருக்கிறார். புகையில் வளர்ந்தவற்றின் நுரையீரல் கருத்து, இறுகி, சிலவற்றில் கட்டி கண்டிருந்தது. அதைத் தாம் இயக்கனிடம் சொன்ன மறுநாள் காலை வண்டிகள் வந்து எல்லா ஆடுகளையும் ஏற்றிச் சென்றன என்றும், கொட்டிலில் பூட்டுத் தொங்கியது என்றும், தமக்குப் பரிசிலும் ஊருக்குச் செல்லும் வண்டியும் ஆயத்தமாக நின்றன என்றும் சொன்னார். அந்த நுரையீரல்களைத் தாமும் கண்டதுண்டு என்று மூன்று மருத்துவர்கள் எழுந்து சொன்னார்கள்.

இயக்கன் திறமையானவர். ஆடு மனிதன் ஆகாது என்றார். தொண்ணூறு அகவையிலும் சுருட்டுப் பிடிப்பவர் உண்டு என்றார். பிறகு வேந்தரை நேரே பார்த்து, தீங்கில்லை என்று நாங்கள் ஒருநாளும் சொன்னதில்லை, தீங்கென்று இன்னும் முடிவாகவில்லை என்றே சொன்னோம் என்றார். அவையில் பலர் தலையசைத்தனர். வழக்கு கைநழுவுகிறது என்று அஞ்சினேன்.

வேந்தர் மருத்துவர்கள் பக்கம் திரும்பினார். இலை நல்லதா தீயதா என்று அவர் கேட்கவில்லை. ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைத்து, நீர் ஆராயும் கேள்வியை உமக்குத் தந்தவர் யார் என்று கேட்டார். இயக்கன் என்றார் முதலாமவர். அடுத்தவரும் இயக்கன் என்றார். பெயர் திரும்பத் திரும்ப ஒலித்தது. கடைசியில் பனியை ஆராய்ந்த முதியவர் எழுந்தார். பனியைப் பற்றி நான் சொன்னதெல்லாம் உண்மை வேந்தே, எந்தச் சொல்லையும் திரும்பப் பெற மாட்டேன், ஆனால் வீட்டுக்குள் தீப்பற்றி எரியும்போது என்னை வாசலில் நிறுத்தி மழை வருமா என்று பார்க்கச் சொன்னார்கள், நானும் இத்தனை காலம் வானத்தைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன் என்றார்.

கொட்டிலை ஏன் மூடினீர் என்று வேந்தர் வணிகர் தலைவரைக் கேட்டார். எங்கள் செலவில் நடப்பதை நிறுத்தும் உரிமை எங்களுக்கு உண்டு என்றார் பண்டனார். உண்டு, ஆனால் நிறுத்திவிட்டு, உண்மை இன்னும் முடிவாகவில்லை என்று ஊருக்குச் சொல்லும் உரிமை உமக்கு இல்லை என்று வேந்தர் விடை தந்தார். அத்தோடு வழக்கு முடிந்தது.

தீர்ப்பின்படி, பேரவையின் செலவை இனி அரசே ஏற்கும். இயக்கனுக்கு அங்கே இருக்கை இல்லை. புகையிலை விற்பனைக்குத் தடையில்லை. ஆனால் விற்பவர் வாங்குபவரிடம் எயினியார் கண்டதை மறைத்தல் கூடாது. வேந்தர் தம் சுருட்டை விட்டுவிட்டாரா என்று கேட்காதீர்கள். நேற்று ஒன்றைப் பற்றவைத்தார். பாதியில் அணைத்துவிட்டு என்னை முறைத்துப் பார்த்தார்.

எல்லாம் நன்றாக முடிந்தது என்று எழுத ஆசைதான். கடலில் சாய்ந்த இருவரின் வீட்டாருக்கு இந்தத் தீர்ப்பு எதைத் திருப்பித் தரும்? பண்டனார் அண்டை நாட்டிலும் இப்படியொரு பேரவையை எழுப்பப் பேசிக்கொண்டிருக்கிறார் என்று ஒற்றர் சொல்கின்றனர். அந்நாட்டு அமைச்சருக்கும் இன்றே ஓலை எழுதவிருக்கிறேன். ஆயினும் பல திங்களாக என் மார்பில் ஏறி அமர்ந்திருந்த பாரம் இறங்கிவிட்டது. இன்று காலை உணவு எனக்குச் சுவைத்தது. அதைத் தங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

இனி வேந்தர் ஆணை. மருத்துவர் எயினியார் தம் மலைச்சரிவுக்கு வேறொரு மருத்துவர் வந்து சேர்ந்தபின் நறுந்துறைக்கு வருவார். அவரை அவர் வேண்டும் கலங்களில் ஏற்றி, புகைத்தவரையும் புகைக்காதவரையும், அடித்தட்டில் இருப்பவரையும் மேல்தட்டில் இருப்பவரையும் அவர் விரும்பியபடி ஆராய விடுக. கலங்களில் புகையிலை விலக்கு தொடர்க. தாங்கள் கருதியது சரி என்று அவர் கண்டாலும், தவறு என்று கண்டாலும், அவர் கண்டதை அவரே துறைமுக முற்றத்தில் நின்று மக்கள் கேட்கச் சொல்க. அவர் சொல்லுமுன் தாங்களோ, யானோ, வேந்தரோ அதைப் பார்த்தல் ஆகாது.

இவ்வாணை குன்றும் கடலும் உள்ளளவும் நிற்க. வேந்தரின் வேங்கை முத்திரையும், அதன்கீழ்ப் பேரமைச்சன் இளம்பூதன் கைச்சாத்தும் இட்டு, பொழிலூரிலிருந்து விடுக்கப்பட்டது.