மகனுக்கேற்ற பப்

10.9.2004, வெள்ளி

லண்டன் வால்தம்ஸ்டோவில் பதினெட்டு வருசம் இருந்தும் இன்றுதான் முதல்முறையாக ஒரு பப்புக்குள் போனேன். யாராவது வந்து என்ன வேணும் என்று கேட்பார்கள் என்று இருபத்தைந்து நிமிடம் இருந்தேன், தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, பல் டொக்டரிடம் போனவன் மாதிரி. கடைசியில் பக்கத்து மேசை வெள்ளைக்காரக் கிழவன், இங்கே நாங்கள்தான் எழும்பிப்போய்க் கேட்கவேணும் என்றான். வெட்கத்தில் ஒன்றும் வாங்காமலே வந்துவிட்டேன்.

எழும்பிப்போய்க் கேட்டு எனக்கு எங்கே பழக்கம்.

என் மனிசி இம்மாகுலேற் மோசம்போய் இரண்டு வருசமாகிறது. செத்தவீட்டுக்கு மகன் கிருசாந்தன் பியர் மணத்தோடு வந்தான். கோயில் வாசலில், அவ்வளவு சனத்துக்கு முன்னால், சவப்பெட்டிக்குத் தோள் கொடுக்க வந்தவனிடம், "குடிகாரன் தாயின்ரை பெட்டியிலை கைவைக்கக் கூடாது" என்றேன். அன்று போனவன்தான். வீட்டுக்குக் கூப்பிட்டால் வரமாட்டான். பப்புக்கு வருவான். நல்லதாக ஒன்று தேடவேண்டும்.

17.9.2004

ஸ்டேஷனடிப் பப். சுவர் முழுக்க டிவி. பந்து வலைக்குள் போனாலும் கத்துகிறார்கள், போகாவிட்டாலும் கத்துகிறார்கள். இதற்குள் மன்னிப்புக் கேட்டால் அவனுக்குக் கேட்காது. அது எனக்கு வசதிதான். ஆனாலும் வேண்டாம்.

26.9.2004, ஞாயிறு

பூசை முடிந்து வரும்போது பின்தெருவில் கண்டுபிடித்தேன். டிவி இல்லை. தேய்ந்த சிவப்புக் கம்பளம், கதிரைக்குக் கீழே நித்திரை கொள்ளும் நாய், மூலையில் இரண்டு பேருக்கு மட்டும் ஒரு மேசை. நானே எழும்பிப்போய் அரைக் கிளாஸ் பியர் கேட்டேன். வேப்பம்பட்டை அவித்த தண்ணீர். முகம் சுளிக்காமல் குடிக்கப் பழகவேண்டும்.

வெளியே வர, எங்கள் கோயில் பிலோமினம்மா.

"றெஜினோல்ட், இதுக்குள்ளை என்ன செய்யிறீர்?"

"அவசரமா ஒண்டுக்கு வந்தது, அக்கா."

"முக்கால் மணித்தியாலமோ?"

5.10.2004

போன் எடுத்தேன். "பப்புக்கோ? நீங்களோ?" என்று மூன்றுதரம் கேட்டான். பிறகு, "ஓம். வாறன்."

8.10.2004

அரைக் கிளாஸ், சுளிக்காமல். பாஸ்.

9.10.2004, சனி

வந்தான். மெலிந்திருந்தான். அவனைக் கேட்காமலே, பழகின ஆள் மாதிரி எழும்பிப்போய், பெரிய கிளாஸ் இரண்டு வாங்கிவந்து வைத்தேன். அவன் தொடவில்லை. இரண்டு கைகளையும் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு இருந்தான்.

"நான் விட்டிட்டன், அப்பா. அம்மாவை அடக்கம் பண்ணின நாளோட. இப்பவும் இப்பிடி இடங்களுக்குப் போறேல்லை. பயம்."

"பிறகேனடா வந்தனி?"

"நீங்களெல்லோ கூப்பிட்டனீங்கள்."

நான் என்ன செய்துபோட்டன்? நாலு கிழமை அலைஞ்சு, பிள்ளைக்கு ஆகாத இடத்தையெல்லே தேடிப் பிடிச்சிருக்கிறன் —

இரண்டு கிளாஸையும் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்தேன். பியர் பழுதோ என்று அந்தப் பெண் கேட்டாள். நான்தான் பழுது என்றேன். அவளுக்கு விளங்கவில்லை.

பஸ் தரிப்பிடத்தில் தூறலுக்குள் நின்றோம். அவன் தோளில் கை வைத்தேன். எலும்பு தட்டுப்பட்டது. அவன் நகரவில்லை.

"பஸ் வருது, தம்பி" என்றேன்.

சொல்ல நினைத்தது அதில்லை. உன்ரை அம்மா இந்தத் தோளிலைதான் போயிருக்க வேணும்.