வாய் தெரியாத காட்சி

ஜூன் 3, செவ்வாய்

வெயில். கல்மண்டபத்திலேயே கன்டெய்னர் லாரி வரிசை, பஸ் நகரவில்லை. வடபழனி ஸ்டுடியோவுக்குள் நுழைந்தபோது சட்டையைப் பிழியலாம்.

புதுப்படம். வெளிநாட்டு சூப்பர் ஹீரோ. தமிழ் டப்பிங்குக்கு வசனம் நான். வழக்கம்போல் சிரிப்புப் பாத்திரத்துக்குக் குரலும் நான். பொறுப்பாளர் சேகர் சார். இனி சே.சா.

படம் முழுக்க இருட்டு, மழை. ஹீரோ பல்லையே காட்டுவதில்லை. சே.சா. பார்த்துவிட்டு, "என்னய்யா இது, எழவு வீடு மாதிரி? நம்ம ஜனம் தூங்கிடும். அங்கங்க உன் மெட்ராஸ் பாஷைய தூவி விடு. கலகலன்னு இருக்கணும்."

போன படத்தில் கலகலவென்றுதான் தூவினேன். ஜோக் அடித்தே ஹீரோவைக் கோமாளியாக்கிவிட்டார்கள் என்று ஊரெல்லாம் திட்டு. அதை நினைவுபடுத்தினால் "அது வேற ஜனம்" என்கிறார். எந்த ஜனம், எங்கே இருக்கிறது, அவருக்கே தெரியாது.

எங்கள் தொழிலில் பெரிய வசதி முகமூடி. வாய் தெரிந்தால் உதட்டசைவுக்குள் அடங்கவேண்டும். முகமூடி, முதுகு, இருட்டு என்றால் எதை வேண்டுமானாலும் பேச வைக்கலாம். அங்கே அவன் செத்த அம்மாவை நினைத்துச் சும்மா நிற்பான். இங்கே "இன்னா நைனா, பசிக்குதா?" என்பான். நான்தான் சொல்ல வைப்பேன். அதற்குத்தான் என்னைக் கூப்பிடுகிறார்கள்.

இதுவரை நான் குரல் கொடுத்தவை: ஓணான், ரோபோ, திருடன் (பல தடவை), பேசும் குப்பைத்தொட்டி. நல்ல மனுஷன் ஒருவன்கூட இல்லை. நல்ல மனுஷன் எங்கள் பாஷை பேசமாட்டானாம்.

ஃபேன் ரெகுலேட்டர் வாங்க மறந்துவிட்டேன்.

ஜூன் 5, வியாழன்

மேகம், மழை இல்லை. மணலித் தொழிற்சாலைப் பக்கக் காற்று, ஒரே நாற்றம். ஜன்னலைச் சாத்திவிட்டு எழுத்து.

இடைவேளைக்கு முன்னால் ஒரு காட்சி. ஹீரோவின் அண்ணன் கெமிக்கல் தொழிற்சாலையில் வேலை. கேஸ் கசிந்து, தம்பியின் மடியில் சாகிறான். முகத்தில் மாஸ்க். ஒரிஜினலில் ஏதோ இரண்டு வார்த்தை, பிறகு மூச்சுச் சத்தம் மட்டும்.

சே.சா. போனில்: "மாஸ்க்தானே, வாய் தெரியாது. சாகறப்ப ஒரு பஞ்ச் வை. சிரிச்சுக்கிட்டே அழணும்."

என் அண்ணன் எப்படிப் போனான் என்று அவரிடம் சொன்னதில்லை. எண்ணூர்ப் பக்கம் ஒரு கம்பெனி. பெயர் எழுத மனமில்லை. கான்ட்ராக்ட் ஆள். தொட்டி கழுவ இறங்கினான், உள்ளே கேஸ். அவனுக்கு மாஸ்க்கும் கிடையாது. ஆஸ்பத்திரியில் என்னையும் அண்ணியையும் பார்த்துச் சொன்னது:

"மூச்சு கீதுடா. கொஞ்சம் கீது. அழுவாதீங்க, இன்னா?"

அதற்கப்புறம் பேசவில்லை.

பஞ்ச் எழுதவில்லை. அந்த வார்த்தைகளைத்தான் எழுதினேன். எழுதிவிட்டு டீக்கடைக்குப் போய்விட்டேன்.

ஜூன் 6, வெள்ளி

சே.சா.வோடு சண்டை. இத்தனை வருஷத்தில் முதல்தடவை. இந்த இடத்தில் ஜோக் வராது, வேண்டுமானால் வேறு ஆளைப் பாருங்கள் என்றேன். சிரிப்பு வேண்டும் என்றால் வேறு பத்து இடத்தில் தருகிறேன், இங்கே இருட்டு இருட்டாகவே இருக்கட்டும் என்றேன். "பாஷை?" என்று கேட்டார். எங்கள் பாஷைதான், ஆனால் சிரிப்புக்கு இல்லை என்றேன். "சரி, பிரிவியூல பாப்போம்" என்று எழுந்து போனார்.

ஜெயித்துவிட்டேன் என்று நினைத்து மட்டன் வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஜூன் 8, ஞாயிறு

வியாசர்பாடி, ஹவுசிங் போர்டு. அண்ணியைக் கேட்காமல் செய்யக்கூடாது என்று போனேன். அண்ணி காசிமேட்டில் இறால் உரிக்கப் போகிறது. விரல் நுனியெல்லாம் வெந்து வெளுத்திருந்தது.

அண்ணன் கடைசியாகச் சொன்னதைப் படத்தில் என் குரலில் பேசப்போகிறேன் என்றேன். 

"அவுர வெச்சி சிரிப்பு காட்டிட மாட்டியே, தம்பி? உன் படம்னாலே சிரிப்பா கீது."

"இல்ல அண்ணி. இது அப்டி இல்ல."

"அப்போ பேசு. அவுரு பேசன மாரியே பேசு. மொத நாளே என்ன இட்டுகினு போவணும், சொல்ட்டேன்."

மீன் குழம்பு. சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

ஜூன் 11, புதன்

ரெக்கார்டிங். மைக் முன்னால் கண்ணை மூடிக்கொண்டு பேசினேன். ஒரே டேக். ஹெட்போனைக் கழற்றினால் சவுண்ட் இன்ஜினியர் பெண் என்னைப் பார்க்காமல் கேட்கிறாள், "சார், தண்ணி குடிக்கிறீங்களா?" குடித்தேன். நன்றாக வந்திருக்கிறது. அண்ணன் குரலே கொஞ்சம் வந்துவிட்டது.

ஜூன் 16, திங்கள்

பிரிவியூ. விநியோகஸ்தர்கள், அவர்கள் வீட்டு ஆட்கள், சில காலேஜ் பையன்கள். ஏசி குளிர்.

அந்தக் காட்சி வந்தது. மழை. தம்பி மடியில் அண்ணன். "மூச்சு கீதுடா."

சிரித்தார்கள்.

ஒருவர் இருவர் இல்லை, தியேட்டரே. "கொஞ்சம் கீது" என்றதும் இன்னும் பெரிதாக. முன்வரிசைப் பையன் அதையே திருப்பிச் சொல்லிக் காட்டினான், அதற்கு ஒரு சிரிப்பு. பிரமாதமான டைமிங் என்று ஒருத்தர் என் தோளைத் தட்டினார்.

அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. 'கீது' என்ற சத்தம் கேட்டால் சிரிக்கவேண்டும் என்று பழகிவிட்டார்கள். ஓணானையும் குப்பைத்தொட்டியையும் வைத்துப் பழக்கிவிட்டவர்களில் நானும் ஒருத்தன்.

மூலக்கொத்தளம் சுடுகாட்டுக்கு அண்ணனைக் கொண்டுபோனபோது கானா பாடினோம், ஆடினோம். அவன் செய்த கூத்தையெல்லாம் பாட்டில் வைத்துப் பாடினான் ஒருத்தன். அழுதுகொண்டே சிரித்தோம். அங்கே சிரிப்பு வேறு, இருட்டு வேறு என்று யாரும் பிரிக்கவில்லை. ஆனால் அது எங்கள் சிரிப்பு. அவனைத் தெரிந்தவர்கள் சிரித்தது. இவர்கள் யார்?

 சாப்பிடவில்லை.

ஜூன் 17, செவ்வாய்

சே.சா. நல்லவிதமாகத்தான் பேசினார். "ரெண்டு வழி. சிரிப்பு வந்துடுச்சு, அப்படியே விடு, எனக்கு லாபம். இல்ல, நீ கேட்ட மாதிரி சீரியஸா இருக்கணும்னா நல்ல தமிழ்ல மாத்து, வேற வாய்ஸ் போடறேன். உன் பாஷையும் வேணும், அழுகையும் வேணும்னா நடக்காது."

ஸ்டுடியோ வாசலில் நின்று ரொம்ப நேரம் யோசித்தேன். அண்ணியை அந்தச் சிரிப்புக்கு நடுவில் உட்காரவைக்க முடியாது.

மாற்றி எழுதிக் கொடுத்தேன். "இன்னும் சுவாசம் இருக்கிறது, தம்பி. கலங்காதே." ஹீரோவின் அப்பாவுக்குப் பேசிய கனத்த குரல்காரரே பேசினார். சுத்தமாக இருந்தது. ஆஸ்பத்திரித் தரை மாதிரி.

அண்ணிக்கு போன் செய்ய எடுத்தேன், வைத்துவிட்டேன்.

ஜூன் 24, செவ்வாய்

ரெகுலேட்டர் மாற்றியாயிற்று. அண்ணி போன்: "வெள்ளிக்கெழம படத்துக்கு லீவு சொல்ட்டேன்." வசனம் மாறியதை இன்றைக்கும் சொல்லவில்லை.

ஜூன் 27, வெள்ளி

காலைத் தூறல். ராயபுரம் பக்கத் தியேட்டர். அண்ணி, அண்ணன் எடுத்துக்கொடுத்த பச்சைச் சேலையில். கையில் கர்ச்சீப், அழுவதற்கென்று தயாராக மடித்து வைத்திருந்தது. இறால் கம்பெனித் தோழிகளிடமெல்லாம் சொல்லிவிட்டதாம்.

படம் ஓடியது. முகமூடிக்காரனுக்கு நான் எழுதிய ஜோக்குகளுக்கு விசில். அண்ணியும் சிரித்தது.

அந்தக் காட்சி. மழை. மாஸ்க். "கலங்காதே." தியேட்டரில் சத்தமே இல்லை. பின்னால் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். சே.சா. சொன்னது நடந்தது. நான் கேட்டதும் நடந்தது. திரும்பி அண்ணியைப் பார்த்தேன். நிமிர்ந்து உட்கார்ந்து, திரையையே பார்த்துக்கொண்டிருந்தது. மடித்த கர்ச்சீப் மடித்தபடி.

இடைவேளை. விளக்கு போட்டார்கள்.

"அவுரு பேசற எடம் இனிமேதான, தம்பி? அதுக்குள்ள பாத்ரூம் போய்ட்டு வந்துர்றேன். வுட்டுடப் போறேன்."

"மெதுவா போய்ட்டு வா, அண்ணி" என்றேன்.