நீக்கிய மூன்று புள்ளிகள்

கூடுவாஞ்சேரி,
டிசம்பர் 4

அன்புள்ள ரோகிணிக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் சௌக்கியம், அந்த நார்வே குளிரில் நீ சளி இருமல் இல்லாமல் இருந்தால் எனக்கு அதுவே போதும். இங்கே நாலு நாளாக மழை, ஸ்டேஷன் ரோட்டில் முழங்கால் தண்ணீர், பள்ளிக்கு லீவு, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். போனில் சொன்னால் பாதியில் அழுதுவிடுவேன்.

அலையில் கப்பல் அதிகபட்சம் எவ்வளவு சாயும் என்ற உன் ஆராய்ச்சியை அக்டோபரில் அனுப்பினாயே, நான் ஆசையாகக் கேட்டதற்கு, "உனக்கு இதெல்லாம் புரியாதும்மா, அப்பாகிட்ட குடு" என்றாய். அப்பா கல்பாக்கத்தில் இன்ஜினியர், நான் பத்தாம் வகுப்புக் கணக்கு டீச்சர், சரிதான். ஆனால் புள்ளியியலில் காலேஜிலேயே முதலாவதாக வந்தவள் நான், எம்.எஸ்ஸி. சீட் கிடைத்தும் நீ வயிற்றில் இருந்ததால் போகவில்லை. உன் மேல் எனக்குப் பொறாமை, ரோகிணி. பெற்றவள் எழுதக்கூடாத வார்த்தைதான், எழுதிவிட்டேன்.

அப்பா டியூட்டிக்குப் போனதும் எடுத்துப் படித்தேன். ஆயிரக்கணக்கான சின்னச் சாய்வுகளோடு உன் கோடு அழகாகப் பொருந்துகிறது, கடைசியில் தனியாக நின்ற மூன்று பெரிய புள்ளிகளை மட்டும் கருவிக் கோளாறு என்று நீக்கியிருந்தாய். பின்னிணைப்பைப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒன்பது டிகிரி, பதினாலு, இருபத்தொன்று என்று ஊஞ்சல் மாதிரி ஏறியிருக்கிறது. கருவி கெட்டால் அப்படிப் படிப்படியாகவா ஏறும்? அவை நிஜச் சாய்வுகள், கப்பலைக் கவிழ்க்கக்கூடியவையே அந்த மூன்றுதான். சேர்த்துப் போட்டால், அதிகபட்சச் சாய்வு என்று நீ போட்ட இருபத்தாறு டிகிரி முப்பத்துமூன்றாகிறது. கண்டுபிடித்ததும் எனக்குச் சந்தோஷம் வந்தது, நீ தப்புப் பண்ணிவிட்டாய் என்ற சந்தோஷம். பதினோரு நாள் வாயே திறக்கவில்லை. பள்ளி ஆயா முனியம்மாகூட, "இன்னா டீச்சர், சோத்து டப்பாவத் தொறக்காம அந்தக் காயிதத்தயே பாத்துகினு கீறீங்க" என்றாள்.

அன்று சாயங்காலம்தான் அப்பா சொன்னார், உன் கணக்கை நம்பி ஒரு சரக்குக் கப்பலில் மேல்தட்டில் எத்தனை அடுக்கு கண்டெய்னர் ஏற்றலாம் என்று முடிவு செய்கிறார்கள், வியாழக்கிழமை கிளம்புகிறது, இருபத்திரண்டு பேர் போகிறார்கள் என்று. உடனே அப்பா மெயிலில் இருந்து, அந்த மூன்று புள்ளிகளைப் பற்றி அப்பா எழுதுவதுபோலவே உனக்கு எழுதி அனுப்பினேன். என் பெயரில் வந்தால் நீ மதிக்கமாட்டாய் என்ற வீம்பு.

ஓர் அடுக்கு குறைத்து அனுப்பினார்கள், நடுக்கடலில் முப்பத்தொரு டிகிரி சாய்ந்தும் எல்லாரும் பத்திரமாகக் கரை சேர்ந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை நீ, "அப்பா, நீங்க மட்டும் சொல்லலன்னா..." என்று ஸ்பீக்கரில் அழுதாய். நான் பக்கத்தில் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். அப்பாவிடம் முன்பே சொல்லியிருந்தேன், அவர் உண்மையைச் சொல்ல வாயெடுத்தார், நான்தான் தலையசைத்துத் தடுத்தேன். அப்புறம் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை, பாவம், அவர் என்ன செய்தார்.

கட்டுரையில் நன்றி என்று அப்பா பெயரைப் போட்டிருக்கிறாயாம். அதை எடுத்துவிட்டு பிரபாவதி என்று போடு, வெறுமனே அம்மா என்று போடாதே. பதினோரு நாள் ஒளித்ததற்குத் திட்ட வேண்டுமானால் திட்டு, வாங்கிக்கொள்கிறேன்.

எந்தக் குறையுமில்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும், இதை மட்டும் பொறாமை இல்லாமல் எழுதுகிறேன். தலைக்குக் குளித்தால் ஈரத்தோடு வெளியே போகாதே. அடுத்த அத்தியாயம் எழுதியதும் எனக்கு அனுப்பு. அப்பாவுக்கு வேண்டாம்.

இப்படிக்கு,
உன் அம்மா
பிரபாவதி