சுமதி பேரில் ஒரு புழு

மார்ச் 9, திங்கள்

வெயில் இப்போதே மண்டையைப் பிளக்கிறது. ராசிபுரம் பஸ்ஸில் நின்றபடியே கல்லூரி. இரண்டாம் ஆண்டுக்கு மண்புழு பாடம். கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தி, "மிஸ், உங்க பேர்ல கடல்ல ஒரு புழு இருக்குதாமே?" இருக்கிறது என்றேன். வகுப்பே சிரிப்பு.

மாலை, கட்டுரையில் கடைசித் திருத்தம். மொத்தம் நாலு பக்கம். இதற்கு ஆறு வருடம் பொறுத்தேன். என் பழைய ஆய்வு வழிகாட்டி, சார், இந்த மாதம் ஓய்வு பெறுகிறார். விழா மலருக்கு என்னிடமும் வாழ்த்து கேட்டிருக்கிறார்கள். வாழ்த்திவிடுவோம்.

வாங்க வேண்டியது: சோப்பு, சிவப்பு மை, அப்பாவுக்கு பிரஷர் மாத்திரை.

மார்ச் 11, புதன்

நடந்ததை வரிசையாக எழுதி வைக்கிறேன். பின்னால் மனசு இளகினால் எடுத்துப் படிக்க.

கடலூர்ப் பக்கத்துக் கழிமுகம். மூன்று வருடம், முழங்கால் சேறு. புழுவை எடுத்தது நான், படம் வரைந்தது நான். தெரிந்த இனத்துக்கு உணர்கொம்பின் அடியில் பன்னிரண்டு வளையம். இதில் ஐந்து. புது இனமாக இருக்கலாம் என்று சாரிடம் காட்டினேன். ஒரு மாதம் கழித்துக் கூப்பிட்டார்.

"உன் பேரையே வச்சிடலாம்மா. ஆனா தன் பேரைத் தானே வச்சுக்கறது நம்ம துறையில மரியாதை இல்ல. அதனால எழுதினவங்க வரிசையில நீ வர முடியாது."

புழுவுக்கு வைத்த அறிவியல் பெயர், டயோபாட்ரா சுமதியே. கட்டுரை எழுதியவர்கள்: சாரும் அவர் மருமகனும். மருமகன் சேற்றில் கால் வைத்ததே இல்லை. மாலை போட்டுக் கழுத்தை அறுத்தார்கள். என் பேரில் கட்டுரை இல்லாததால் முனைவர் பட்டமும் இழுத்துக்கொண்டே போய் நின்றது. ஊர் வந்து சேர்ந்தேன்.

இன்னொன்று. இதை யாரிடமும் சொன்னதில்லை. அவர்கள் கட்டுரை அச்சுக்குப் போவதற்கு முந்தைய வாரம் அந்தப் புழுவை மறுபடி பார்த்தேன். தலை புதிது. மீனோ நண்டோ கடித்துப் போனபின் மறுபடி முளைத்த தலை. வளையம் குறைந்தது அதனால்தான். பழைய இனம், பாதி வளர்ந்த தலை, அவ்வளவே. போட்டோ எடுத்து வைத்துக்கொண்டேன். இப்போது எழுதியிருக்கும் நாலு பக்கமும் அதைப் பற்றித்தான். அன்று சாரிடம் சொல்லவில்லை. வேண்டுமென்றேதான்.

மார்ச் 12, வியாழன்

கட்டுரையை அனுப்ப உட்கார்ந்தேன். அப்பா செல்போனோடு வந்தார். நாமக்கல் பட்டறையில் எங்கள் லாரிக்குப் புது பாடி கட்டி முடித்துவிட்டார்கள். நெற்றியில் மஞ்சள் எழுத்து: டயோபாட்ரா சுமதியே.

"இது எந்தூரு சாமிங்கன்னு டிரைவர் கேக்கறான். எம்புள்ள பேருல கடல்ல ஒரு சீவன் இருக்குதுடான்னேன்."

அனுப்பவில்லை. தலைவலி.

மார்ச் 15, ஞாயிறு

விழா அழைப்பிதழ் வாட்ஸ்அப்பில் வந்தது. சாரின் சாதனைகளில் முதலாவது, புது இனம். பக்கத்தில் என் படம், நான் வரைந்த அந்த ஐந்து வளையப் படம். கீழே, வரைந்தது என்று மருமகன் பெயர்.

நேராக அப்பாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அனுப்பினால் அந்த இனமே இல்லை என்றாகிவிடும், என் பெயர் செல்லாது என்றேன். அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அந்தாளு பேரும் சேந்து கெட்டுப்போகுமா கண்ணு?"

"போகுமுங்கப்பா. யாரு புழு இனப் பட்டியல் போட்டாலும் அவரு பண்ணுன தப்புன்னுதான் வரும்."

"அப்ப அனுப்பீரு. பெயிண்டர்கிட்ட நான் பேசிக்கறேன்."

அனுப்பினேன். தனியாக நான் எழுதிய முதல் கட்டுரை, அதில் அழித்தது என் பெயரை. கொஞ்சம் அழுதேன். மதியம் கோழிக்குழம்பு, மூன்று முறை சோறு வாங்கினேன்.

மார்ச் 27, வெள்ளி

சார் போன். என் கட்டுரையைப் பத்திரிகைக்காரர்கள் கருத்துக் கேட்டு அவருக்கே அனுப்பியிருக்கிறார்கள்.

"நல்லா இருக்கியாம்மா? இது வந்தா போறது உன் பேருதான், யோசிச்சியா?"

"போகட்டுங்க சார்."

"போட்டோவுல தேதி பார்த்தேன். நாங்க வெளியிடறதுக்கு முன்னாடி எடுத்தது. தலை புதுசா முளைச்சதுன்னு உனக்கு அப்பவே தெரியுமா?"

தேதியை மறைத்திருக்கலாம். மறைக்கவில்லை. அவர் பார்க்க வேண்டும் என்றுதான் விட்டு வைத்தேன்.

"தெரியுங்க சார்."

"ஏம்மா சொல்லல?"

"அதெல்லாம் எழுதுறவங்க பாக்கணுங்க சார். நான் எழுதலீங்களே."

அவரே வைக்கட்டும் என்று போனைக் காதிலேயே வைத்திருந்தேன்.