ஒரு கால் மட்டும் வீங்கிய அமாவாசை

அண்ணா,

இன்று காலை பேருந்தில் பக்கத்தில் வந்து உட்கார்ந்த ஒரு அம்மா, சேலையை முழங்கால் வரை ஏற்றிவிட்டு வலித் தைலத்தைத் தேய்க்க ஆரம்பித்தார். அந்தக் கார வாடை மூக்கில் ஏறியதும் என்னையறியாமல் அவர் கையைப் பிடித்துவிட்டேன்.

"இன்னாம்மா?" என்று திடுக்கிட்டார்.

"ரெண்டு காலும் வலிக்குதா, ஒன்னு மட்டுமா?"

"ரெண்டும்தான். நாத்து நட்ட காலு" என்று சிரித்தார். கையை விட்டேன். அனந்தபுரத்தில் இறங்கிப் பள்ளிக்கூட வாசலுக்கு வரும்வரை உன் நினைப்புதான்.

எனக்கு ரத்தப் புற்றுநோய் என்று சொன்னபோது முடி கொட்டுமே என்றுதான் முதலில் பயந்தேன். கால் இந்தப் பாடு படுத்தும் என்று நினைக்கவில்லை. மருந்து ஏற ஏறப் பாதம் மரத்தது, பிறகு மிளகாய்த்தூளை மிதித்தது போல் எரிந்தது. செருப்பு கழன்று விழுந்ததுகூடத் தெரியாமல் நடந்திருக்கிறேன். நீதான் பின்னால் வார் வைத்த செருப்பு தேடி வாங்கி வந்தாய். எனக்கு வைத்த வெந்நீரில் முதலில் உன் கையை விட்டுப் பார்ப்பாய். "உனக்குத்தான் சூடு தெரியலையே, வெந்துபூடும்" என்பாய். மதியம் ஆட்டோவை நிறுத்திவிட்டுச் சாப்பிட வந்தால், என் பாதத்தைத் திருப்பி முள், கீறல் எதுவும் உண்டா என்று பார்த்த பிறகுதான் தட்டின் முன் உட்காருவாய். எனக்குக் கூச்சமாக இருக்கும். சில நாள் எரிச்சலும் வரும்.

அந்த அமாவாசையன்றும் அப்படித்தான் வந்தாய். காலையிலிருந்தே எனக்கு இடது கெண்டைக்காலில் கடுக்கும் வலி. சிகிச்சைக்குப் போட்ட ஊசியால்தான் என்று நானே முடிவு கட்டியிருந்தேன். அண்ணி தைலத்தைக் கையில் ஊற்றிக்கொண்டு காலருகே உட்கார்ந்திருந்தார்.

"கைய எடு! தேய்க்காத!"

அண்ணியிடம் நீ அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. என் இரண்டு காலையும் ஒட்டிவைத்துப் பார்த்தாய். "இது மட்டும் வீங்கியிருக்குது. சுடுது வேற."

"ஊசி வலிதாண்ணா. நாளைக்கு எப்படியும் ஆஸ்பத்திரிக்குப் போறோமே."

"ஒரு கால் மட்டும் வீங்குனா உடனே வரணும், நீவக்கூடாதுன்னு டாக்டரம்மா சொன்னது உன் காதுல வுழல. என் காதுல வுழுந்துச்சு."

போன் போட்டாய். "இப்பவே கிளம்புங்க, நடக்க வைக்காதீங்க, மூச்சு வாங்குதான்னு பார்த்துக்கிட்டே வாங்க" என்று நர்ஸ் சொன்னது எனக்கே கேட்டது. உன் சிநேகிதர் காரை எடுத்து வந்தார். என்னைத் தூக்கிப் பின்சீட்டில் கிடத்தினாய்.

செஞ்சி கூட்ரோட்டில் கார் நின்றுவிட்டது. அமாவாசைக்கு மேல்மலையனூர் கோயிலுக்குப் போகும் பஸ்களும் வேன்களும் முட்டிக்கொண்டு நின்றன. நீ இறங்கி ஓடினாய். ஒவ்வொரு வண்டியாகத் தட்டி, "ஆஸ்பத்திரி கேசு, வழி வுடுங்கய்யா" என்று தொண்டை கிழியக் கத்தினாய். மஞ்சள் சேலைப் பெண்கள் ஒதுங்கினார்கள். ஒரு பஸ் பின்னால் நகர்ந்தது. வேர்த்து விறுவிறுத்து வந்து ஏறிக்கொண்டாய்.

"பேசிக்கினே வா" என்றாய்.

"இன்னா பேசறது?"

"கணக்கு டீச்சர்தான? பதினாறாம் வாய்ப்பாடு சொல்லு."

பாதியில் வலி சுண்டி இழுத்தது. நின்றுவிட்டேன்.

"இன்னா நிறுத்திட்ட?" என்று திரும்பினாய். நீ எவ்வளவு பயந்துபோயிருக்கிறாய் என்று உன் முகத்தைப் பார்த்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

"கால்தாண்ணா வலிக்குது. மூச்சு நல்லா இருக்குது."

"அப்ப சொல்லு."

திண்டிவனம் தாண்டி, பாண்டிச்சேரி வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தேன்.

ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா, காலில் ரத்தம் உறைந்து அடைத்திருக்கிறது, நீவியிருந்தால் நுரையீரலுக்குப் போயிருக்கலாம் என்றார். நீ வெளியே போனாய். ஜன்னல் வழியே பார்த்தேன். குழாயடியில் முகத்தைத் திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாய்.

உறைந்த ரத்தம் கரைய வயிற்றில் ஊசி போட்டார்கள். பிறகு நோய்க்கான மருந்தும் தொடர்ந்தது. இப்போது நோய் அடங்கியிருக்கிறது. சாயங்காலமானால் பாதம் எரிகிறது. உயரமான ஸ்டூலில் உட்கார்ந்து பாடம் எடுக்கிறேன்.

ஆனால் நீ? போன ஆடியில் அவலூர்பேட்டை சவாரி முடித்து வந்து நெஞ்சைத் தடவிக்கொண்டு, "வாயு புடிச்சிருக்குது" என்றாயாம். ஓமத் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடியும் வண்டியை எடுத்தாயாம். நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். தகவல் வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. என் காலைத் தினமும் திருப்பிப் பார்த்தவன், உன் நெஞ்சை யாருக்கும் காட்டாமலே போய்விட்டாய். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

போன மாதம் அண்ணி தோள்பட்டை இழுக்கிறது என்றார். "ஒன்னுமில்ல" என்றும் சொன்னார். நான் விடவில்லை. எப்போதிலிருந்து, கைக்கு இறங்குகிறதா, படி ஏறினால் எப்படி என்று கேட்டுக் கேட்டு ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனேன். தண்ணீர்க் குடம் தூக்கிய சுளுக்குதான், வேறொன்றும் இல்லை என்றார்கள். "தண்டத்துக்கு அலைய வெச்சிட்ட" என்று வீடு வரும்வரை மூச்சுவிடாமல் திட்டினார் அண்ணி. திட்டட்டும் என்று கேட்டுக்கொண்டே வந்தேன், அண்ணா.