ஓர்வியேத்தோவில் மூன்று மணி நேரம்

ரோம்
6.10.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

அமலா எழுதுகிறேன். போனில் பேசும்போதெல்லாம் மடத்துத் தலைவி மதர் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். அதனால்தான் கடிதம். லில்லி அண்ணியும் ஜெசிந்தாவும் சுகமா? உன் முட்டிவலி எப்படி?

நேற்று மடத்திலிருந்து எங்கள் ஏழு பேரை ஓர்வியேத்தோ என்ற மலையூருக்குக் கூட்டிப்போனார்கள். ரயிலில் போய், கம்பி கட்டி இழுக்கும் வண்டியில் மேலே ஏறினோம். அங்கே கோயிலில் எல்லோரும் ஜெபமாலை சொல்ல உட்கார்ந்தார்கள். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. எழுந்து வெளியே வந்துவிட்டேன். ஒரு பழைய கிணறு, இருநூற்று நாற்பத்தெட்டுப் படி. இறங்கி ஏறியதில் மூச்சு வாங்கியது. முக்காட்டைக் கழற்றிப் பைக்குள் வைத்தேன். பிறகு மாட்டவில்லை. சந்து சந்தாகச் சுற்றினேன். காப்பிக்கடைக்காரி என்னை 'சிஞ்ஞோரா' என்றாள். அம்மணி என்று அர்த்தம். பத்தொன்பது வருஷத்தில் யாரும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை.

மூன்று மணி நேரம் தேடியிருக்கிறார்கள். எல்லோர் முன்னாலும் மதர் திட்டினார்கள். எனக்கு அழுகையே வரவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

அண்ணா, சபையை விட்டு வந்துவிடலாமென்று இருக்கிறேன். நம் வீட்டில் எனக்கு இடம் இருக்குமா? தூக்கமில்லை. சீக்கிரம் எழுது.

தங்கை,
அமலா

வில்லியனூர்
24.10.2024

மதிப்பிற்குரிய சிஸ்டர் அமலோற்பவம் அவர்களுக்கு,

இன்னாசியின் வணக்கம். இங்கே மழை பிடித்துக்கொண்டது, நாற்றங்கால் முழுகிக் கிடக்கிறது. ஜெசிந்தாவுக்குத் தை கடைசியில் கல்யாணம் பேசி முடித்திருக்கிறோம். மாப்பிள்ளை வீட்டார், "பொண்ணோட அத்தை ரோமாபுரில கன்னியாஸ்திரி" என்று சொல்லிச் சொல்லிப் பூரிக்கிறார்கள். பத்திரிகையில் உங்கள் பெயரைத்தான் முதலில் போடச் சொல்கிறார்கள்.

உங்கள் கடிதத்தை லில்லியிடம் காட்டவில்லை. பீரோவில் பூட்டி வைத்திருக்கிறேன். ஊர் என்ன பேசும் என்று உங்களுக்கே தெரியும். கல்யாணம் முடியும் மட்டுமாவது பொறுக்கக் கூடாதா? ஒரு டாக்டரைப் பாருங்கள். எங்களுக்காக ஜெபியுங்கள்.

இப்படிக்கு,
இன்னாசி

ரோம்
10.11.2024

அண்ணா,

'நீங்கள்' என்று எழுதியிருக்கிறாய். மூன்று தடவை படித்தேன்.

சபையை விட்டு விலக விண்ணப்பம் கொடுத்துவிட்டேன். முடிவு வர நாளாகும், அதுவரை வெளியே தங்க அனுமதி கிடைத்திருக்கிறது. என்கூட நர்சிங் படித்த கஸ்தூரி கடலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சொல்லிவைத்திருக்கிறாள். தங்க அறையும் உண்டு. தை பிறந்ததும் வந்துவிடுவேன். உன் வீட்டுக்கு வரமாட்டேன், பயப்படாதே. கல்யாணத்தன்று மட்டும் கோயிலில் கடைசி வரிசையில் இருந்து ஜெசிந்தாவைப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறேன். யாராவது கேட்டால் யாரோ என்று சொல்லிவிடு.

அமலா

வில்லியனூர்
2.12.2024

அமலா,

உன் கடிதத்தைத் தபால்காரர் லில்லி கையில் கொடுத்துவிட்டார். படித்தவள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், "இன்னாய்யா மனுஷன் நீ? கூடப் பொறந்தவள கடைசி வரிசையில குந்த வெப்பியா?" என்றாள்.

நேற்று நானே போய் மாப்பிள்ளை வீட்டில் சொன்னேன். சம்பந்தி முகம் சுருங்கிவிட்டது. "யோசிச்சு சொல்றோம்" என்றார். இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. ஜெசிந்தாதான், "அத்தை இல்லாத கல்யாணம் இன்னாத்துக்குப்பா?" என்கிறாள்.

லில்லி நம் வீட்டுப் பெண்களுக்கெல்லாம் புடவை எடுத்துவிட்டாள். உனக்கும் ஒன்று இருக்கிறது. ரவிக்கை தைக்க டெய்லர் அளவு கேட்கிறார். இங்கே யாருக்கும் தெரியவில்லை. எழுதி அனுப்பு.

உன் அண்ணன்,
இன்னாசி